நெடுங்கொம்பும் பொற்சிறகும்

ஜவுளிக் கடையின் கல்லாவுக்கும் அலமாரிக்கும் நடுவே நாற்பது ஆண்டுகள் நின்றவர்களுக்கு ஒரு செருக்கு வந்துவிடுவதுண்டு. துணியைத் தொட வேண்டியதில்லை; எட்ட நின்று ஒரு பார்வை பார்த்தாலே போதும், இது எந்த ஊர்த் தறி, எத்தனாம் நம்பர் நூல், சாயம் நிற்குமா ஓடுமா என்று சொல்லிவிடலாம் என்னும் செருக்கு அது. நமக்கும் அது இருந்தது. கடையை விட்டு இறங்கி ஆண்டுகள் சில ஆகியும் அது நம்மை விட்டு இறங்கவில்லை. அதை இறக்கி வைத்தது ஒரு பூச்சி. நெல்மணியளவே உடல் கொண்ட பூச்சி. அந்தக் கதையை வாசகர்களிடம் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறோம்.

நம் மகளின் குடும்பம் லண்டன் மாநகரின் வடகிழக்கு ஓரத்தில் சிங்ஃபோர்டு என்னும் பகுதியில் வசிக்கிறது. வீட்டிலிருந்து சற்று நடந்தால் எப்பிங் வனம். ஏறத்தாழ 2,400 ஹெக்டேர் பரப்புள்ள பழைய காடு அது. வேலியிட்டு வளைத்துக்கொள்ளப்பட்டு நாளுக்கு நாள் சுருங்கி வந்த அந்தக் காட்டை 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காத்தது. 1882இல் விக்டோரியா அரசியார் நேரில் வந்து அதைப் பொதுமக்களின் இன்பத்துக்கென அர்ப்பணித்தார். அன்று முதல் அது பணமின்றி யாரும் நுழையக்கூடிய காடு. சென்ற ஆண்டு மே மாதம் நாம் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஓக் மரங்களில் புதுத்தளிர் விரிந்து வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போனால் மாலைதான் திரும்புவர். பள்ளி விட்டு வரும் பேத்திக்கு நாம் துணை. நமக்கு அவள் துணை. பதினோரு வயது. தமிழ் பேசுவாள்; ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் எடுத்துப் பேசுவாள். நமக்கோ அவளுடைய ஆங்கிலம் வேகத்தில் பாதி பிடிபடாது. ஆகவே முதல் சில நாட்கள் நமக்கும் அவளுக்குமிடையே பேச்சைவிடப் புன்னகையே அதிகமாக நடந்தது.

அவளிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. பள்ளியின் இயற்கைக் கழகத்துக்காக வைத்திருப்பது. பக்கத்துக்கு ஓர் உயிர். கண்ட நாள், கண்ட இடம், எண்ணிக்கை, பெயர். கடைசி வரியில், அந்தப் பெயரைத் தீர்மானித்தவர் யார் என்பது. இந்தக் கடைசி வரி நமக்குப் பிடித்திருந்தது. பெயரைச் சொல்லிவிட்டு மறைந்துவிட முடியாது. சொன்னவர் கையொப்பமிட வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்து, அது காட்டும் பெயரை அப்படியே எழுதிவிடக் கூடாது என்பதும் அவர்கள் கழகத்தின் விதி.

ஒரு பிற்பகல் வனத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். தாழ்ந்த ஓக் கிளையொன்றின் நுனியில், வெயில் விழும் இடத்தில், சிறு பூச்சிகள் கூட்டமாக மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் இரண்டு வெண்ணிற இழைகள் நீண்டு காற்றில் மிதந்தன. உடலைவிட இழைதான் பெரிது.

"கொசு மாதிரி இருக்கே" என்றோம்.

"கொசு இல்லை நன்னா. மாத். உம்மா அந்துன்னு சொல்வாங்க."

அந்து என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜவுளிக்காரனுக்கு அந்தைவிடப் பெரிய பகை ஏது? நம் கடையில் பட்டுக்கும் கம்பளிக்கும் இடையில் அந்துருண்டை வைக்காத தட்டு ஒன்றுகூட இருந்ததில்லை. அந்துருண்டை என்ற பெயரே இந்தப் பகைக்காகப் பிறந்ததுதான். நம் முகம் போன போக்கைப் பார்த்துப் பேத்தி சிரித்துவிட்டாள். "இது துணி சாப்பிடாது நன்னா. இதோட புழு கீழே காய்ந்த இலையைத்தான் சாப்பிடும்" என்றாள்.

அவள் சொன்னது சரி. துணியை அரிக்கும் அந்து ஒன்றிரண்டு வகைதான். பிரிட்டனில் மட்டும் சுமார் 2,500 வகை அந்துப்பூச்சிகள் உண்டு. வண்ணத்துப்பூச்சிகளோ அறுபதுக்குள் அடங்கும். ஒன்றிரண்டின் குற்றத்துக்காக 2,500 வகைகளும் நம் மனத்தில் கெட்ட பெயர் வாங்கியிருந்தன.

அந்தப் பூச்சியின் குடும்பத்துக்கு அடெலிடே என்று பெயர். நெடுங்கொம்பு அந்துகள் என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். உலகில் சுமார் 300 வகைகள். பிரிட்டனில் ஏறத்தாழ பதினைந்து. பெரும்பாலானவை விளக்கைத் தேடி வரும் விட்டில்களைப் போன்றவையல்ல; பகலில், அதுவும் நல்ல வெயிலில் பறப்பவை. ஓக் கிளையில் நாம் கண்டது அடெலா ரியோமுரெல்லா. சிறகு விரித்தால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவு. முன்சிறகு வெண்கலத்தில் பச்சை மினுக்கியதுபோல் இருக்கும். ஆணின் தலையில் கருமயிர். பெண்ணின் உச்சியில் துரு நிற மயிர். கூட்டமாக ஆடுபவை ஆண்கள். கூட்டத்தை நோக்கி வரும் பெண்ணைக் கண்ணாலேயே கண்டுகொள்ள வேண்டியிருப்பதால் அவற்றின் கண்களும் பெரியவை. இவ்வளவையும் பேத்தி தன் கைநூலைப் பார்த்து, பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலுமாக நமக்கு விளக்கினாள். அன்று மாலை வீடு திரும்பும் வழியெல்லாம் நமக்கும் அவளுக்கும் பேச்சு ஓயவில்லை.

இனி நம் முதல் தவறு.

ஒரு வாரம் கழித்து வனத்திலுள்ள கன்னாட் வாட்டர் என்னும் குளக்கரைக்குப் போனோம். நீரின் மேல் கறுத்த சிறு பூச்சிகள் கூட்டமாக ஆடிக்கொண்டிருந்தன. தலையில் அதே நீண்ட இழைகள். நாம் குழந்தையை முந்திக்கொண்டோம். "அதோ பார், உன் நெடுங்கொம்பன்!" என்றோம்.

பேத்தி வலையை மெல்ல வீசி ஒன்றைப் பிடித்துக் கண்ணாடிப் புட்டியில் இட்டு நம்மிடம் நீட்டினாள். "கொம்பை மட்டும் பார்த்துட்டீங்க நன்னா" என்றாள்.

அது அந்தே அல்ல. கேடிஸ் ஈ என்னும் வேறொரு வரிசையைச் சேர்ந்தது. அந்துக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் சிறகின் மேல் செதில்கள் உண்டு. விரலால் தொட்டால் பொடியாக ஒட்டிக்கொள்வது அதுதான். கேடிஸின் சிறகில் இருப்பது மயிர். அந்துகளில் பெரும்பாலானவற்றின் வாயில் கடிகாரச் சுருளைப்போல் சுருண்ட உறிஞ்சுகுழல் உண்டு; கேடிஸுக்கு அது இல்லை. அதன் புழு வளர்வது நீருக்குள். ஆனால் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு என்றும் அவள் சொன்னாள். நெடுங்கொம்பு அந்தின் புழு உலர்ந்த இலைத்துண்டுகளைக் கூடாகக் கட்டி, அதற்குள் ஒளிந்துகொண்டு, கூட்டையும் இழுத்துக்கொண்டே தரையில் திரியும். கேடிஸ் புழுக்களில் பலவும் மணலையும் சருகையும் கூடாக்கி நீருக்குள் அப்படியே செய்யும்.

நாம் சிரித்துச் சமாளித்தோம். ஊர் புதிது, பூச்சி புதிது, தவறுவது இயல்புதானே என்று மனத்துக்குச் சொல்லிக்கொண்டோம். செருக்கு அவ்வளவு எளிதில் சாவதில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள். ஈரமான பள்ளத்தை ஒட்டி முட்புதர்களும், நம் காஞ்சொறியைப்போல் தொட்டால் அரிக்கும் நெட்டில் செடிகளும் மண்டிய இடம். பேத்தி சட்டென்று நின்று நம் கையைப் பிடித்தாள். ஓர் இலையின் மேல் அது அமர்ந்திருந்தது.

நாற்பது ஆண்டு ஜரிகை பார்த்த கண் நமது. இப்படியொரு ஜரிகையை நாம் கண்டதில்லை. வெண்கலப் பழுப்பான முன்சிறகில் நீளவாட்டில் பொற்கோடுகள். சிறகின் நடுவுக்குச் சற்று அப்பால், குறுக்கே ஒரு மஞ்சள் பட்டை. அதன் இருபுறமும் ஊதா படர்ந்த கருங்கரை. முந்தானைக்குக் கரை கட்டிய கை எதுவோ அதே கைதான் இதையும் கட்டியிருக்க வேண்டும் என்று தோன்றியது. இந்தப் பளபளப்பு சாயத்தால் வருவதல்ல. செதில்களின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. ஆகவே இது வெளுப்பதுமில்லை. சாயம் போகுமா என்று கேட்டே பிழைத்தவர்களுக்கு இதைவிட வியப்பான செய்தி வேறில்லை.

அதன் கொம்புகளோ! சிறகின் நீளத்தைப்போல் நாலு மடங்கு இருக்கும். பிரிட்டனின் அந்துகளிலேயே மிக நீண்ட கொம்பு இந்த வகையின் ஆணுக்குத்தான். பெயர் நெமோஃபோரா டிகீரெல்லா.

ஏன் இந்தப் பெயர்கள் என்று கேட்டோம். அன்றிரவு மகள் வீட்டு நூலடுக்கிலும் கணினியிலுமாகத் தேடியதில் கிடைத்த செய்தி நம் மனத்தைத் தொட்டது. உயிர்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநிறுத்திய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1758ஆம் ஆண்டு தம் பெருநூலின் பத்தாம் பதிப்பில் இவ்விரண்டு அந்துகளுக்கும் பெயரிட்டார். பூச்சிகளின் வாழ்வை ஆறு தொகுதிகளாக எழுதிய பிரெஞ்சு அறிஞர் ரியோமுரின் நினைவாக ஒன்று. அவரைப் பின்பற்றித் தாமும் பல தொகுதிகள் எழுதிய சுவீடன் நாட்டு இரும்பாலை அதிபர் டி கீரின் நினைவாக மற்றொன்று. ரியோமுர் மறைந்தது 1757இல். மறு ஆண்டே அவர் பெயர் ஓர் அந்தின் சிறகில் ஏறிவிட்டது. மன்னர்களுக்குச் சிலை வைத்த காலத்தில், சின்னஞ்சிறு உயிரை உற்று நோக்கியவர்களுக்குச் சின்னஞ்சிறு உயிரையே நினைவுச் சின்னமாக்கிய பண்பு அது.

அந்த இலைகளில் மூன்று நெடுங்கொம்பர்கள் இருந்தன. அவற்றுக்கு ஒரு சாண் தள்ளி இன்னொன்று இருந்தது. அதே பொற்கோடு, அதே மஞ்சள் பட்டை. ஆனால் கொம்பு குட்டை. சிறகைச் சற்றே மிஞ்சும், அவ்வளவுதான்.

"நன்னா, இதுவும் அதேதானோ? சிறகு ஒரே மாதிரி இருக்கே?" என்றாள் பேத்தி.

நாம் தலையை ஆட்டினோம். "கொம்பைப் பாரம்மா. இந்த இனத்துக்குப் பேரே கொம்பால வந்தது. கொம்பில்லாதது எப்படி அதுவாகும்? இது அதைப்போலவே இருக்கிற வேறொண்ணு. கடையிலே அசலுக்குப் பக்கத்திலேயே போலியும் இருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னோம்.

அவள் இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; சொல்லவில்லை. குறிப்பேட்டைத் திறந்து, இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கினாள். இரண்டாம் பக்கத்தில் 'வேறு வகை' என்று எழுதி, தீர்மானித்தவர் என்ற வரியில் நம் பெயரை எழுதினாள். நமக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் இரவு உணவின்போது மகள் சொன்னாள்: "அத்தா, உங்க பேத்தி இன்னிக்குப் பள்ளிக்கூடத்திலே உங்களுக்காக வாதாடியிருக்கா."

பேத்தி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நடந்தது இதுதான். இரண்டு பக்கங்களையும் பார்த்த ஆசிரியை, இரண்டும் ஒரே வகை என்றும், குட்டைக்கொம்பு பெண் என்றும் சொல்லியிருக்கிறார். குழந்தைக்கும் முதலிலேயே அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ஆயினும் நம் தீர்ப்பை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. 'எங்க நன்னா பார்த்தாலே சொல்லிடுவாங்க. அவங்க தப்பாச் சொல்ல மாட்டாங்க' என்று வகுப்பின் நடுவே நின்று வாதாடியிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். ஆசிரியை நூலைத் திறந்து படத்தைக் காட்டியிருக்கிறார்.

நமக்குச் சோறு இறங்கவில்லை. தோகையில்லாத பெண்மயிலை மயில் இல்லை என்று நம் ஊரில் யாராவது சொல்வார்களா? வயலோரத்தில் ஆயிரம் முறை பார்த்த உண்மையை, ஒரு பூச்சியிடம் நாம் மறந்துபோனோம். தன் கண் கண்டதை நம் சொல்லுக்காக ஒரு குழந்தை விட்டுக்கொடுத்திருக்கிறாள். அவள் நம் மீது வைத்த நம்பிக்கையை நாம் ஒரு பார்வையின் சோம்பலில் செலவழித்துவிட்டோம்.

அன்றிரவு உறக்கம் வராமல் கிடந்தபோது, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாம் புதைத்து வைத்திருந்த வேறொரு முகம் எழுந்து வந்தது.

அப்போது நமக்கு இருபது வயதிருக்கும். அத்தா உச்சிப்பொழுதில் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். கடையில் நாம் மட்டும். வயதான ஓர் அம்மா, துணிப்பையிலிருந்து தம் கல்யாணப் பட்டை எடுத்து வைத்தார்கள். பட்டு நைந்து கிழிந்திருந்தது. ஜரிகையை மட்டும் எடுத்துக்கொண்டு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். மருமகளுக்குப் பிரசவச் செலவு என்று சொன்னதாக நினைவு. நாம் கரையைப் பார்த்தோம். கறுத்துக் கிடந்தது. 'இது போலி ஜரிகைம்மா, அசலா இருந்தா இப்படிக் கறுக்குமா' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

அத்தா வந்ததும் நம் சாமர்த்தியத்தைச் சொன்னோம். அவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "உரைச்சுப் பார்த்தியா?"

நாம் உரைத்துப் பார்க்கவில்லை. உரைகல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. சுத்த ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. நாளாகி முலாம் தேய்ந்தால் உள்ளேயிருக்கும் வெள்ளி கறுக்கும். கறுத்திருந்தது அது வெள்ளி என்பதற்கான அடையாளமாகவும் இருந்திருக்கலாம். நாம் அதையே போலிக்கு அடையாளமாகக் கொண்டோம். கல்லில் ஒரு தேய்ப்புத் தேய்த்திருந்தால் வெண்கோடா செங்கோடா என்பது தெரிந்திருக்கும். அத்தா அப்போதே ஆளனுப்பித் தேடினார்கள். அந்த அம்மா அதற்குள் தெருவோரத்துப் பழைய துணிக்காரனிடம் போலி விலைக்கே கொடுத்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தா நம்மை ஏசவில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்போம்.

மறுநாள் காலை பேத்தியை அருகில் அழைத்து, "தப்பு நம்முடையதம்மா. நீ பார்த்ததுதான் சரி. இனி நாம் சொன்னாலும் உனக்குப் படுவதை நீ சொல்ல வேண்டும்" என்றோம். அவள் சற்று நேரம் நம்மையே பார்த்தாள். பிறகு, "சனிக்கிழமை திரும்பப் போகலாமா நன்னா?" என்று கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமைக்குள் அவளுடைய கைநூலை நாம் வரிவரியாகப் படித்தோம். சிற்றந்துகளுக்கென 2012இல் ஸ்டெர்லிங், பார்சன்ஸ் என்னும் இருவர் எழுதி, லூயிங்டன் என்னும் ஓவியர் படம் தீட்டிய நூல் அது. அடையாளம் காண்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டென்பதை அதிலிருந்தும் பேத்தியிடமிருந்தும் கற்றோம். முதலில் அளவு, அதன்பின் சிறகின் நிறமும், கோடுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன, பட்டை எங்கே இருக்கிறது என்பதும், பிறகு தலைமயிரின் நிறம், கொம்பை அதன்பின்தான் பார்க்க வேண்டும். அதையும் தனியே அளக்கக் கூடாது. சிறகோடு ஒப்பிட்டு, ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொண்டு அளக்க வேண்டும். கடைசியாக, எந்த மாதம், எந்தச் செடி.

நாம் சொன்ன 'அதைப்போலவே இருக்கிற வேறொன்று' என்பதும் உண்மையில் இருக்கத்தான் செய்கிறது. அடெலா குரோசெல்லா என்று அதற்குப் பெயர். பெருஞ்செல்வனென்று பேர்பெற்ற லிடியா நாட்டு மன்னன் குரோசஸின் பெயரை நினைவூட்டுவது. 1763இல் ஸ்கோப்போலி என்னும் அறிஞர் அதற்குப் பெயரிட்டார். இத்ரியா நகரத்துப் பாதரசச் சுரங்கத் தொழிலாளருக்கு மருத்துவராக இருந்தவர் அவர். குரோசெல்லாவும் பொன்னும் ஊதாவுமாக மின்னும். ஆனால் உருவில் சிறியது. அதன் ஆணின் கொம்பு டிகீரெல்லாவின் அளவுக்கு நீள்வதில்லை. பெண்ணின் கொம்போ அடிப்பாகத்தில் கருஞ்செதில்கள் அடர்ந்து தடித்திருக்கும். பிரிவெட் என்னும் வேலிச்செடியைச் சுற்றித் திரிவது அது. ஆக, பள்ளத்தோரத்தில் நாம் கண்ட குட்டைக்கொம்பு அதுவாக இருக்க வழியில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்திருந்தால் அன்றே இது புரிந்திருக்கும்.

சனிக்கிழமை வெயில் அடித்தது. அதே பள்ளத்தோரத்தில், கால் மரத்துப்போகும் வரை காத்திருந்தோம். நெடுங்கொம்பர்கள் புதருக்கு மேல் எழும்பியும் தாழ்ந்தும் ஆடிக்கொண்டிருந்தன. வெயிலில் அந்த வெள்ளிழைகள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. பேத்திதான் முதலில் கண்டாள். முள்ளிலை ஒன்றின் மேல் இரண்டு அந்துகள், வாலோடு வால் சேர்ந்து இணைந்திருந்தன. ஒன்றுக்கு இலையைத் தாண்டித் தொங்கும் கொம்பு, மற்றதற்குக் குட்டைக்கொம்பு. இரண்டின் சிறகிலும் ஒரே பட்டை.

பேத்தி ஒரு சொல்லும் பேசவில்லை. நம் விரலைப் பிடித்து மெல்ல அழுத்தினாள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நாம் எடுக்கத் தவறிய உரைகல்லை அன்று அந்தக் குழந்தை நம் கையில் எடுத்துத் தந்தாள் என்றே தோன்றியது.

வீடு திரும்பியதும் அவள் பசை எடுத்து, குறிப்பேட்டின் அந்த இரண்டு பக்கங்களையும் ஒட்டி ஒன்றாக்கினாள். புதிய பக்கத்தில், 'ஆணும் பெண்ணும், இணைந்திருக்கக் கண்டது' என்று எழுதினாள். தீர்மானித்தவர் என்ற வரிக்கு வந்ததும் நம்மை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் பெயரையே எழுதச் சொன்னோம்.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. ஊர் திரும்பிய பிறகு நாம் படித்தறிந்தது. 1758 முதல் 250 ஆண்டுகளுக்கும் மேலாக, ஐரோப்பாவில் இந்தப் பொற்பட்டை அந்து ஒரே வகை என்றுதான் எண்ணி வந்தார்கள். 2016இல் நான்கு அறிஞர்கள் உடலமைப்போடு மரபணுச் சோதனையையும் சேர்த்து ஆராய்ந்து, ஒரே பெயருக்குள் மூன்று வகைகள் மறைந்திருப்பதைக் காட்டினர். புதியவற்றில் ஒன்றுக்கு அந்தப் பாதரசச் சுரங்க மருத்துவர் ஸ்கோப்போலியின் பெயர். மற்றொன்றுக்கு டிசெப்டோரியெல்லா என்று பெயர். ஏமாற்றுவது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாம் ஒன்றை இரண்டென்று பிழையாகப் பிரித்தோம். உலகமோ மூன்றை ஒன்றென்று நம்பியிருந்தது. வேறுபாடு இதுதான்: அவர்கள் தங்கள் தீர்ப்பை மறுபடி உரைத்துப் பார்க்க அஞ்சவில்லை.

சென்ற மாதம் பேத்தி நம் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். இலையொன்றின் மேல் சிறியதாய், கறுத்துப் பளபளக்கும் ஓர் அந்து. 'நன்னா, இது என்ன?' என்று தமிழிலேயே எழுதியிருந்தாள். பார்த்த மாத்திரத்தில் நம் நாவின் நுனிக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. அதை எழுதவில்லை. பக்கவாட்டிலிருந்து இன்னொரு படம் எடுத்து அனுப்பு என்றும், அருகில் ஓர் அளவுகோலை வைத்து எடு என்றும், அது அமர்ந்திருந்த செடி என்னவென்று எழுது என்றும் பதில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம்.